ஒற்றைப்படை என்றால் ஓகே: தலைமை அலுவலகமே இல்லாத பேமென்ட் நெட்வொர்க்கில் ஒரு மெசேஜை மாற்றுவது எப்படி?

2025 பிப்ரவரி 1 முதல் யுபிஐ பரிவர்த்தனை எண்ணில் எழுத்துகளும் எண்களும் மட்டும்தான் இருக்க வேண்டும். '@', '#', '&' மாதிரி ஒரு குறியீடு உள்ளே வந்தாலும் அந்தப் பரிவர்த்தனை நிராகரிக்கப்படும். ஜனவரி 9-ம் தேதியிட்ட ஒரு சுற்றறிக்கையில் என்பிசிஐ இப்படிச் சொன்னது. வங்கிகளுக்கும் ஆப் நிறுவனங்களுக்கும் கிடைத்த அவகாசம் மூன்று வாரம்தான். டீக்கடையில் ஸ்கேன் செய்து 15 ரூபாய் அனுப்பியவர்களில் பலருக்கு இப்படி ஒரு மாற்றம் நடந்ததே தெரியாது.

இது எப்படிச் சாத்தியமானது? யுபிஐ-க்கு ஒரு மையம் இருக்கிறது. எல்லாப் பரிவர்த்தனைகளும் என்பிசிஐ வழியாகத்தான் போகின்றன. 'இந்தத் தேதிக்கு மேல் பழைய மாதிரி வந்தால் ஏற்க மாட்டோம்' என்று சொல்ல ஒரு அமைப்பு இருக்கிறது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்போது அந்த மையத்தை எடுத்துவிட்டு யோசித்துப் பாருங்கள். சுற்றறிக்கை அனுப்ப யாரும் இல்லை. நெட்வொர்க்கில் இருப்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பை ஓட்டுகிறார்கள் என்று யாரிடமும் முழுப் பட்டியல் கிடையாது. ஒருவர் நேற்று அப்டேட் செய்திருப்பார். இன்னொருவர் இரண்டு வருடமாக அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டே இருக்க மாட்டார். ஆனால், இருவரும் ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப முடிய வேண்டும். அங்கே ஒரு மெசேஜில் புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்ப்பது எப்படி?

பிட்காயினின் மேல் இயங்கும் 'லைட்னிங் நெட்வொர்க்' பல வருடங்களாகச் சந்தித்துவரும் கேள்வி இது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த பதில், சாஃப்ட்வேர் துறையில் இருக்கும் யாருக்கும் பயன்படக்கூடியது.

லைட்னிங் நெட்வொர்க் என்றால் என்ன?

பிட்காயினில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் வருகிறது. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு தொகையும் உலகம் முழுக்க இருக்கும் கணினிகளின் பேரேட்டில் பதிவாக வேண்டும். ஒரு காபிக்கு இது சரிப்பட்டு வராது. நேரமும் ஆகும், கட்டணமும் ஆகும்.

இதற்கு ஜோசப் பூன், தாடியஸ் டிரைஜா இருவரும் 2015-ல் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். சிம்பிளாகச் சொன்னால், மளிகைக் கடை நோட்டு. தினமும் வாங்குவதை நோட்டில் எழுதிக்கொண்டு, மாசக் கடைசியில் ஒரே தடவை செட்டில் செய்வது போலத்தான். இங்கே இருவர் சேர்ந்து, இரண்டு பேரும் கையெழுத்து போட்டால் மட்டுமே எடுக்கக்கூடிய மாதிரி கொஞ்சம் பிட்காயினைப் பூட்டி வைக்கிறார்கள். இதற்குப் பெயர் 'சேனல்'. அதன் பிறகு ஒவ்வொரு முறை பணம் கை மாறும்போதும், 'இப்போது உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு' என்று புதிய கணக்கில் இருவரும் கையெழுத்து போட்டுக்கொள்வார்கள். பேரேட்டுக்குப் போவது திறப்பும் மூடலும் மட்டும்.

எல்லோருடனும் சேனல் திறக்கத் தேவையில்லை. கவிதாவுக்கு ரஹீமுடன் சேனல் இருக்கிறது, ரஹீமுக்கு மீனாவுடன் சேனல் இருக்கிறது என்றால், கவிதா ரஹீம் வழியாக மீனாவுக்கு அனுப்பலாம். மீனாவிடம் ஒரு ரகசிய எண் இருக்கும். அதைக் காட்டினால்தான் ரஹீமின் பணம் மீனாவுக்குப் போகும். அதே எண்ணைக் கவிதாவிடம் காட்டி ரஹீம் தன் பணத்தை எடுத்துக்கொள்வார். நடுவில் இருப்பவர் பணத்தை அமுக்கிவிட முடியாது.

இந்த மொத்த ஏற்பாடும் நிற்பது இரண்டு கணினிகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சின்னச் சின்ன மெசேஜ்களின் மேல்தான்.

ஒரு மெசேஜுக்குள் என்ன இருக்கும்?

ஒவ்வொரு லைட்னிங் மெசேஜும் 2 பைட்டில் ஓர் எண்ணுடன் தொடங்கும். இது எந்த வகை மெசேஜ் என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

• 16 – 'வணக்கம், எனக்கு என்னென்ன வசதிகள் தெரியும் என்று சொல்கிறேன்'
• 18, 19 – 'லைனில் இருக்கிறாயா?', 'இருக்கிறேன்'
• 32 – 'உன்னுடன் ஒரு சேனல் திறக்க வேண்டும்'
• 128 – 'இந்தா, ஒரு பேமென்ட் வருகிறது'

அந்த 128-ம் எண் மெசேஜை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். வகை எண்ணுக்கு 2 பைட். எந்தச் சேனல் என்பதற்கு 32 பைட். வரிசை எண்ணுக்கு 8. தொகைக்கு 8. ரகசிய எண்ணின் ஹாஷுக்கு 32. காலக்கெடுவுக்கு 4. அடுத்தடுத்து யாருக்குப் போக வேண்டும் என்ற வழி விவரத்தை மூடி வைத்த உறைக்கு 1,366. அடிப்படை வடிவத்தில் மொத்தம் 1,452 பைட்.

இதில் காற்புள்ளி கிடையாது, இடைவெளி கிடையாது, 'தொகை:' என்ற லேபிளும் கிடையாது. ரயில்வே ரிசர்வேஷன் ஃபார்மில் கட்டத்துக்கு ஓர் எழுத்து எழுதுவோமே, அப்படித்தான். ஒரு கட்டம் தள்ளி எழுதினால் பின்னால் வருவது எல்லாமே தள்ளிப்போகும். காலக்கெடுவைத் தொகையாகப் படித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் 'நடுவில் ஒரு கட்டம் சேர்த்துக்கலாமே' என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது.

இதை எல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்?

ஆரம்பத்தில் அசின்க், பிளாக்ஸ்ட்ரீம், லைட்னிங் லேப்ஸ் போன்ற குழுக்கள் தனித்தனியாக லைட்னிங் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தன. ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. 2016 அக்டோபரில் இத்தாலியின் மிலன் நகரில் டெவலப்பர்கள் கூடிப் பேசி, பொதுவான விதிமுறை ஒன்றை எழுத முடிவெடுத்தார்கள். அந்த ஆவணங்களுக்குப் பெயர் 'போல்ட்'. பேசிஸ் ஆஃப் லைட்னிங் டெக்னாலஜி என்பதன் சுருக்கம். 2017 டிசம்பரில் மூன்று மென்பொருட்களும் நிஜ பிட்காயினை ஒன்றுக்கொன்று அனுப்பிக் காட்டின.

போல்ட் ஆவணங்கள் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் திருத்தம் முன்மொழியலாம். ஆனால், மெசேஜ் வடிவத்தை மாற்றும் ஒரு திருத்தம் உள்ளே போக, தனித்தனியாக எழுதப்பட்ட இரண்டு மென்பொருட்களாவது அதைச் செய்து, ஒன்றோடொன்று பேசிக் காட்ட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. காகிதத்தில் அழகாக இருந்தால் மட்டும் போதாது.

அப்படியும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. ஆவணத்தை மாற்றலாம். உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் பழைய மென்பொருளை யார் மாற்றுவது?

ஒற்றைப்படை விதி

இதற்காக போல்ட் ஆவணங்களில் ஆரம்பத்திலேயே ஒரு விதி எழுதப்பட்டது. டெவலப்பர்கள் அதைச் செல்லமாக 'இட்ஸ் ஓகே டு பி ஆட்' என்பார்கள். ஆங்கிலத்தில் 'ஆட்' என்றால் ஒற்றைப்படை, விநோதமானது என்று இரண்டு பொருளும் உண்டு. விநோதமாக இருந்தாலும் பரவாயில்லை என்ற சிலேடை அது.

விதி இதுதான். உனக்குத் தெரியாத எண்ணில் ஒரு மெசேஜ் வருகிறதா? அந்த எண் ஒற்றைப்படை என்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடு. இரட்டைப்படை என்றால் இணைப்பைத் துண்டித்துவிடு.

ஒரு ஃபுட் டெலிவரி ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பில் 'டிஷ்யூ பேப்பர் கூடுதலாக வையுங்கள்' என்று இருக்கிறது. சமையல்காரருக்கு அது புரியவில்லை என்றாலும் குடி முழுகிவிடாது. சாப்பாட்டை அனுப்பிவிடலாம். ஆனால் 'வேர்க்கடலை அலர்ஜி, கடலை எண்ணெய் வேண்டாம்' என்ற குறிப்பு புரியவில்லை என்றால், சும்மா சமைத்து அனுப்புவதைவிட ஆர்டரையே வேண்டாம் என்பதுதான் பாதுகாப்பு. முதல் குறிப்பு ஒற்றைப்படை. இரண்டாவது இரட்டைப்படை.

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. புதிய மெசேஜ் எதைப் பற்றியது என்று பழைய மென்பொருளுக்குத் தெரியாது, தெரியவும் முடியாது. ஆனால் 'இது தெரியாவிட்டால் பரவாயில்லையா, ஆபத்தா' என்பதை மட்டும் அந்த எண்ணைப் பார்த்தே புரிந்துகொள்ள முடியும்.

இதே விதி வசதிகளுக்கும் உண்டு. இணைப்பு கிடைத்தவுடன் இரு கணினிகளும் தங்களுக்குத் தெரிந்த வசதிகளின் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளும். ஒவ்வொரு வசதிக்கும் ஒரு ஜோடி எண். உதாரணமாக, பேமென்ட் சீக்ரெட் என்ற வசதிக்கு 14, 15. ஒருவர் 15 என்று சொன்னால் 'எனக்கு இது தெரியும், உனக்குத் தெரியாவிட்டாலும் பேசலாம்' என்று அர்த்தம். 14 என்று சொன்னால் 'இது தெரியாதவர்களுடன் நான் பேச மாட்டேன்' என்று அர்த்தம்.

ஒரு வசதி பொதுவாக ஒற்றைப்படையில்தான் பிறக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். பெரும்பாலானவர்களிடம் வந்துசேர்ந்த பிறகு இரட்டைப்படைக்கு மாறும். சுற்றறிக்கையும் கடைசித் தேதியும் இல்லாத ஊரில், கட்டாயம் என்பது இப்படித்தான் மெதுவாக வந்து சேர்கிறது.

65 பைட்டுக்குள் நடந்த இட நெருக்கடி

விதி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 1,366 பைட் உறைக்குள் அது வேலை செய்யவில்லை.

அந்த உறையை வெங்காயம் என்பார்கள். ஒவ்வொருவரும் தனக்கான தோலை மட்டும் உரித்துப் பார்க்க முடியும். உள்ளே இருப்பது அடுத்தவருக்கு. பணம் யாரிடமிருந்து கிளம்பியது, கடைசியில் யாருக்குப் போகிறது என்று நடுவில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

முதல் வடிவமைப்பில் வழியில் அதிகபட்சம் 20 பேர், ஆளுக்கு 65 பைட், மொத்தம் 1,300 என்று கணக்கு போட்டிருந்தார்கள். அந்த 65-ல் முதல் பைட் ஒரு குறி. அடுத்த சேனலின் எண்ணுக்கு 8, தொகைக்கு 8, காலக்கெடுவுக்கு 4. யாரும் நடுவில் கை வைக்கவில்லை என்று உறுதி செய்யும் முத்திரைக்கு 32. எதிர்காலத் தேவைக்கு என்று விட்டுவைத்தது வெறும் 12 பைட்.

அந்தத் தேவையும் வந்தது. கடைசி ஆளுக்கு முன்னால் இருக்கும் ரஹீம் குறும்புக்காரர் என்று வைத்துக்கொள்வோம். தன் கையில் வந்த பேமென்ட்டின் ஹாஷைக் காப்பி அடித்து, மீனாவுக்கு ஒரு பொடித் தொகையை அவரே அனுப்பிப் பார்க்கலாம். 'இந்த ஹாஷ் எனக்குத் தெரியாது' என்று ஒரு பதில் வந்தால் மீனா வழிப்போக்கர். 'தொகை சரியில்லை' என்று வேறு பதில் வந்தால், பணம் வாங்குபவரே மீனாதான் என்று தெரிந்துவிடும். பணம் திருடு போகவில்லை. ஆனால் வெங்காயத் தோல் எல்லாம் வீண்.

முதல் திருத்தமாக, அந்த இரண்டு பிழைப் பதில்களையும் ஒன்றாக்கினார்கள். 'விவரம் தவறு அல்லது தெரியாது' என்று பொதுவாக ஒரே பதில். கூடுதல் விவரம் சொல்லும் பிழைச் செய்தி எப்போதும் நல்லது என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பாடம். இங்கே விவரத்தைக் குறைப்பதுதான் திருத்தம்.

இரண்டாவது திருத்தம், பேமென்ட் சீக்ரெட். பணம் கேட்பவர் தன் இன்வாய்ஸிலேயே 32 பைட் ரகசியம் ஒன்றை வைத்துக் கொடுப்பார். அதை உறைக்குள் கொண்டுவருபவரிடம் மட்டும்தான் பணம் வாங்குவார். நடுவில் இருப்பவருக்கு அந்த ரகசியம் தெரியாது. யோசனை சரிதான். ஆனால் 32 பைட் எப்படி 12 பைட் இடத்துக்குள் போகும்?

லேபிள் ஒட்டிய டப்பாக்கள்

இடம் குறிப்பிட்டு வைத்த பழைய வடிவத்தைக் கைவிட்டு, டிஎல்வி என்ற முறைக்கு மாறினார்கள். வகை, நீளம், மதிப்பு என்ற மூன்றின் ஆங்கிலச் சுருக்கம் அது. சமையலறை அலமாரியில் லேபிள் ஒட்டிய டப்பாக்கள் போல. முதலில் 'உள்ளே என்ன' என்று ஓர் எண். அடுத்து 'எவ்வளவு பெரிசு'. அதன் பிறகு சரக்கு. தெரியாத டப்பா வந்தால் அதன் நீளத்தைப் பார்த்து அப்படியே தாண்டிப் போய்விடலாம். டப்பா எண்ணுக்கும் அதே ஒற்றைப்படை, இரட்டைப்படை விதிதான்.

இடமும் மிச்சம். தொகைக்கு முன்பு எப்போதும் 8 பைட். புதிய முறையில் முன்னால் வரும் பூஜ்யங்களை எழுத வேண்டியதில்லை. 1,000 சதோஷி, அதாவது 10 லட்சம் மில்லி சதோஷி என்று எழுத 3 பைட் போதும்.

சரி, பழைய 65 பைட் வடிவமும் புதிய வடிவமும் ஒரே உறைக்குள் கலந்து வந்தால் எது எது என்று எப்படித் தெரியும்? பழைய வடிவத்தில் முதல் பைட் எப்போதும் 0. புதிய வடிவத்தில் முதலில் வருவது நீளம். காலியான டப்பா வரிசையை யாரும் அனுப்பப்போவதில்லை என்பதால், நீளம் 0 ஆக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே 0 வந்தால் பழசு, வேறு எண் வந்தால் புதுசு. கூடுதலாக ஒரு பைட்கூடச் செலவாகவில்லை. எல்லோரும் புதியதற்கு வந்த பிறகு, பழைய வடிவம் விதிமுறையிலிருந்தே நீக்கப்பட்டது.

வெளியே தெரியும் உறையின் அளவை மட்டும் தொடவில்லை. அன்றும் 1,366 பைட், இன்றும் 1,366 பைட். உறை சின்னதாகவோ பெரிசாகவோ மாறினால், வழியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நடுவில் இருப்பவர் ஊகித்துவிடலாம்.

டிஎல்வி-க்கு மூன்று கறாரான நிபந்தனைகளும் உண்டு. டப்பாக்கள் எண் வரிசையில் ஏறுமுகமாகத்தான் வர வேண்டும். ஒரே எண் இரண்டு தடவை வரக் கூடாது. எந்த எண்ணையும் தேவைக்கு மேல் நீட்டி எழுதக் கூடாது. காரணம் எளிது. ஒரே தொகை டப்பா இரண்டு தடவை வந்தால், ஒரு மென்பொருள் முதலாவதை எடுத்துக்கொள்ளும், இன்னொன்று கடைசியை எடுத்துக்கொள்ளும். பண விஷயத்தில் ஒரே செய்திக்கு இரண்டு அர்த்தம் இருக்கக் கூடாது.

எழுதாமல் விட்ட ஒரு வரி

வடிவம் சரியாக இருந்தாலே போதுமா? போதாது என்று 2019-ல் தெரிந்தது.

சேனல் திறக்கும்போது, பணம் போடுபவர் 'இந்தப் பிட்காயின் பரிவர்த்தனையில், இத்தனையாவது வரியில் பணத்தைப் பூட்டியிருக்கிறேன்' என்று மெசேஜ் அனுப்புவார். அதைப் பெறுபவர், அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, சொன்ன தொகை சொன்ன பூட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாருக்கும் தோன்றக்கூடிய விஷயம்தான். ஆனால், 'பெறுபவர் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்' என்று விதிமுறையில் வெளிப்படையாக எழுதப்படவில்லை.

விளைவு, மூன்று முக்கிய மென்பொருட்களின் பழைய பதிப்புகளிலும் இந்தச் சரிபார்ப்பு முழுமையாக இல்லை. பணமே போடாமல் 'போட்டுவிட்டேன்' என்று சொல்லி, இல்லாத பணத்தை வைத்து மற்றவர்களிடம் செலவு செய்ய வழி திறந்திருந்தது. 2019 ஆகஸ்ட் இறுதியில் 'உடனே அப்டேட் செய்யுங்கள்' என்று மட்டும் எச்சரிக்கை வந்தது. செப்டம்பரில் இந்த ஓட்டையைச் சிலர் நிஜமாகவே பயன்படுத்தியது உறுதியானது. முழு விவரம் அந்த மாத இறுதியில்தான் வெளியிடப்பட்டது. மூன்று மென்பொருட்களுக்கும் தனித்தனிப் பாதுகாப்புக் குறைபாட்டு எண்கள் கொடுக்கப்பட்டன. விதிமுறையிலும் அந்த வரி சேர்க்கப்பட்டது.

இங்கே மெசேஜில் ஒரு பைட்கூட மாறவில்லை. 'வந்த மெசேஜை வைத்து என்ன செய்ய வேண்டும்' என்ற வரிதான் மாறியது. ஒரு மெசேஜின் வடிவம் என்பதில் அந்த வரியும் அடக்கம்.

படிக்க மறுத்த மென்பொருள்

இன்னொரு சம்பவம் 2022 அக்டோபர் 9-ல் நடந்தது. இது லைட்னிங்கின் மெசேஜ் அல்ல. அடியில் இருக்கும் பிட்காயின் பரிவர்த்தனை. ஒரு டெவலப்பர் 999 சாவிகளில் 998 கையெழுத்து தேவைப்படும் ராட்சதப் பரிவர்த்தனை ஒன்றை அனுப்பினார். பிட்காயின் விதிப்படி அது முழுக்கச் சரியானது. 2021 நவம்பரில் அமலான டேப்ரூட் மேம்பாடு பழைய அளவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டிருந்தது.

ஆனால் எல்என்டி என்ற பிரபல லைட்னிங் மென்பொருள் பயன்படுத்திய லைப்ரரியில் ஒரு பழைய வரம்பு அப்படியே இருந்தது. 'இவ்வளவு பெரிசாக எல்லாம் வராது' என்று எப்போதோ எழுதிய வரி. அந்தப் பிளாக்கைப் படிக்க முடியாமல் அது நின்றுவிட்டது. அதன் பிறகு வந்த பிளாக்குகளும் அதற்குத் தெரியவில்லை.

இதில் என்ன ஆபத்து? சேனலில் எதிர்ப்பக்கம் இருப்பவர் பழைய கணக்கைக் காட்டிப் பணத்தை எடுக்க முயன்றால், குறிப்பிட்ட காலத்துக்குள் அதைப் பார்த்துத் தடுக்க வேண்டும். பிளாக்கே தெரியாதவருக்கு ஏமாற்றுவது எப்படித் தெரியும்? சில மணி நேரத்தில் திருத்தம் வந்தது. ஆனால் நவம்பர் 1-ல் அதே லைப்ரரியில் இருந்த இன்னொரு வரம்பு, இன்னொரு பரிவர்த்தனையால் முட்டி நின்றது.

விதிமுறை ஒரே எழுத்தில்தான் இருந்தது. அதை இரண்டு மென்பொருட்கள் இரண்டு விதமாகப் படித்தன. மையம் இல்லாத நெட்வொர்க்கில் மிகப் பெரிய பயமே இதுதான்.

'எர்ரர்' எனும் பெரிய வார்த்தை

எல்லாத் திருத்தமும் இவ்வளவு பதற்றமானது இல்லை. சில, அன்றாடத் தொல்லைகளைக் குறைப்பவை.

ஆரம்பத்தில், ஏதாவது சரியில்லை என்று சொல்ல 'எர்ரர்' என்ற ஒரே மெசேஜ்தான் இருந்தது. விதிமுறைப்படி எர்ரர் வந்தால் அந்தச் சேனலையே மூட வேண்டும். அப்படி ஒருதலைப்பட்சமாக மூடினால் பிட்காயின் கட்டணம் செலவாகும்; மூடியவரின் பணம் நாள்கணக்கில் முடங்கும். சின்னக் கோளாறுக்கு எல்லாம் இந்தத் தண்டனையா? அதனால் 'வார்னிங்' என்று தனி மெசேஜ் வந்தது. அதன் எண் 1, ஒற்றைப்படை. தெரியாதவர்கள் கண்டுகொள்ளாமல் விடலாம்.

இன்னொன்று, பட்டியல்களைச் சுருக்கி அனுப்ப ஒரு ஜிப் முறை இருந்தது. சின்னதாகச் சுருக்கி அனுப்பிய ஒன்று, விரிக்கும்போது பூதாகாரமாக வீங்கி எதிர்ப்பக்கக் கணினியைத் திணற வைக்கக்கூடும். கிடைத்த லாபம் அந்த ரிஸ்க்குக்குத் தகுதியில்லை என்று முடிவெடுத்து அதை நீக்கிவிட்டார்கள்.

கடை வாசல் கியூஆர் வந்த கதை

நம் ஊரில் தள்ளுவண்டிக் கடையில்கூட ஒரே கியூஆர் ஸ்டிக்கர் வருடக்கணக்கில் ஒட்டியிருக்கும். லைட்னிங்கில் இது சுலபமாக இல்லை. அதன் வழக்கமான இன்வாய்ஸ் ஒரு தடவைக்கு மட்டும்தான். முதல் தடவை பணம் வந்ததுமே அதன் ரகசிய எண் வழியில் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். அதையே மறுபடி பயன்படுத்தினால் நடுவில் இருப்பவர் பணத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம்.

இதற்கான தீர்வு, 'ஆஃபர்ஸ்' எனப்படும் போல்ட் 12. ஒரே கியூஆர் போதும். ஸ்கேன் செய்ததும் வாடிக்கையாளரின் கணினி, கடைக்காரரின் கணினியிடம் புதிய இன்வாய்ஸ் ஒன்றை நெட்வொர்க் வழியாகவே கேட்டு வாங்கிக்கொள்ளும். பல வருட விவாதத்துக்குப் பிறகு 2024-ல் இது அதிகாரபூர்வ விதிமுறையில் சேர்ந்தது. இதன் இன்வாய்ஸ் முழுக்க டிஎல்வி டப்பாக்களால் ஆனது. இன்வாய்ஸ் கேட்டு அனுப்பும் மெசேஜின் எண் 513. ஒற்றைப்படை! அதைப் பற்றிக் கேள்வியே பட்டிராத பழைய மென்பொருளுக்கு அந்த மெசேஜ் போனாலும் எதுவும் உடையாது.

ஆபீஸில் ஏபிஐ எழுதுபவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. லைட்னிங்கைப் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. ஆனால், பேமென்ட் கேட்வேயோ, மொபைல் ஆப்போ, இரண்டு டீமுக்கு நடுவே ஓடும் ஏபிஐயோ எழுதுபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நான்கு விஷயங்கள் இருக்கின்றன.

1. புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது, 'இது தெரியாவிட்டால் பரவாயில்லையா, நிறுத்த வேண்டுமா' என்பதையும் மெசேஜிலேயே சொல்லுங்கள். அதைப் பெறுபவரின் ஊகத்துக்கு விடாதீர்கள்.

2. ஒரே தகவலை எழுத ஒரே வழிதான் இருக்க வேண்டும். இரண்டு வழி இருந்தால், ஒரு நாள் இரண்டு அர்த்தம் வரும்.

3. 'யாரும் செய்வார்கள்' என்று நினைக்கும் சரிபார்ப்பையும் எழுதி வையுங்கள். எழுதாதது செய்யப்படாது.

4. பிழைச் செய்தி யார் யாருக்கு எல்லாம் தெரியும் என்று பார்த்த பிறகு, அதில் எவ்வளவு சொல்லலாம் என்று முடிவெடுங்கள்.

யுபிஐ பரிவர்த்தனை எண்ணிலிருந்து '@' குறியை எடுக்க மூன்று வாரம் போதுமாக இருந்தது. லைட்னிங்கில் பழைய 65 பைட் வடிவத்தை முழுக்க விலக்க வருடங்கள் ஆயின. அங்கே யாரும் யாருக்கும் உத்தரவு போட முடியாது. அதனால், இன்னும் அப்டேட் செய்யாத ஒருவரின் பணமும் பத்திரமாக இருக்கும்படி யோசித்துத்தான் ஒவ்வொரு பைட்டையும் மாற்ற வேண்டியிருக்கிறது.